ஆஃபூவின் தலை எங்கே?

மதியம் ஒன்று முப்பத்தொன்றுக்குக் காவல் நிலையத்தில் போன் அடித்தது.

கான்ஸ்டபிள் சுன் எடுத்தான். மேஜையில் கவிழ்ந்து தூங்கியதில் அவன் கன்னத்தில் ஒரு ஃபைலின் ஓரம் அப்படியே பதிந்திருந்தது.

"சொல்லுங்க."

"உடம்பு கிடக்கு. தலையக் காணோம்."

பெண் குரல். நடுங்கவே இல்லை. அதுதான் சுன்னை நடுங்க வைத்தது.

"யா... யாரோட உடம்பு?"

"ஆஃபூ. நுவான்ஜியா கம்பெனி, பதினாலாவது மாடி. சீக்கிரம் வாங்க. இல்லன்னா இன்னொரு தலையும் போயிடும்."

"அது யாரு தலைங்க?"

"என் தலை."

டக்.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் ஃபாங் அங்கே இருந்தார். ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி. மதியத் தூக்கத்தைக் கெடுத்தவர்களை அவர் சுலபத்தில் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. பின்னாலேயே சவ வண்டி. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர்.

பெரிய ஹால். ஜன்னல் திரைகள் இன்னும் மூடியே கிடந்தன. மடக்குக் கட்டில்கள், தலையணைகள், ரப்பர் செருப்புகள், வெந்நீர் ஃபிளாஸ்க்குகள். பத்தொன்பது என்ஜினியர்கள் கலைந்த தலையோடு சுவரோரம் நின்றார்கள்.

கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில்... அது கிடந்தது.

குப்புற. சாம்பல் நிற உடம்பு. கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை!

ஃபாங் மண்டியிட்டுத் தோளைத் தொட்டார். அமுக்கிப் பார்த்தார். மறுபடி அமுக்கிப் பார்த்தார்.

மெதுவாக எழுந்தார்.

"சுன்."

"மேடம்."

"இது ரப்பர்."

"ஆமா மேடம்... நானும் அதான் பார்க்குறேன்."

"போன் பண்ணது யாரு?"

"நான்தான்" என்று முன்னால் வந்தாள் ஒரு பெண்.

ரான் டிங். இருபத்து நான்கு வயது. கொய்ஜோவ் மலைக் கிராமம் ஒன்றில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதைச் சொல்லிக்காட்டாத முதலாளி அவளுக்கு இதுவரை வாய்க்கவில்லை. இங்கே அவள் வேலை, ஆஃபூ என்ற வீட்டு ரோபோவைக் காலையிலிருந்து மாலை வரை சோதித்துப் பார்ப்பது. துணி மடிக்கிறதா, இஞ்சி நறுக்குகிறதா, மீனை வேக வைக்கிறதா, நறுக்கும்போது குழந்தை குறுக்கே வந்தால் கத்தியைக் கீழே வைக்கிறதா...

"ஏம்மா, கொலைன்னு சொல்லி என்னை வரவழைச்சிருக்கே."

"கொலைன்னு சொல்லவே இல்லையே மேடம். உடம்பு கிடக்கு, தலையக் காணோம்னு சொன்னேன். ரெண்டும் உண்மை."

"ரோபோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எப்ப வந்திருப்பீங்க?"

ஃபாங் யோசித்தார். "நாளைக்கு."

"நாளைக்கு நான் உள்ள இருப்பேன். அதான்."

ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க கிளம்பலாமா மேடம்?"

"இருங்க. எனக்கு இன்னும் கோவம் தீரல. நிஜமாவே ஒரு உடம்பு கிடைச்சாலும் கிடைக்கும்."

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. முதலாளி லுவோ வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி, கையில் ஒரு காகிதம். பதினைந்து வருடம் முன்னால் ஹுவாசியாங்பெய் சந்தையில் போன் உறை விற்றவர். இப்போது எதிர்காலத்தை விற்கிறார்.

"வாங்க மேடம். சிரமம் வேண்டாம். திருடி இவதான். இதுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க, முடிஞ்சுது."

ஃபாங் காகிதத்தை வாங்கிப் படித்தார். 'ரான் டிங் ஆகிய நான், கம்பெனியின் ரகசியத்தைத் திருடியதை ஒப்புக்கொள்கிறேன்...' முழுப் பக்கம். கீழே தேதி, விரல் ரேகைக்கு இடம்.

"எத்தனை மணிக்குத் தலை போனது தெரிஞ்சுது?"

"ஒன்றரைக்கு. எல்லார் போன்லயும் அலாரம் அடிச்சது. லைட்டைப் போட்டோம். தலை இல்ல."

"இதை எப்ப டைப் அடிச்சீங்க?"

"உடனே."

டிங் சிரித்தாள். அதில் சிரிப்பே இல்லை.

"ஒரே நிமிஷத்துல கொண்டுவந்து நீட்டினாரு மேடம். ரெடியா வெச்சிருக்காரு. பேரை மட்டும் மாத்தினா போதும். அதைப் பார்த்துத்தான் உங்களுக்குப் போன் போட்டேன்."

"எவ்வளவு நாள் உள்ள போடலாம் இதுக்கு?" என்றார் ஃபாங்.

டிங் சொன்னது லுவோவின் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை, ஃபாங்குக்கு மட்டும் பதில் வந்தது.

"ஏழு வருஷம். வக்கீல்கிட்ட கேட்டாச்சு. மூணு மணிக்கு ஹாங்காங்ல இருந்து முதலீட்டாளர் வர்றாரு. அவர்கிட்ட திருடியைப் பிடிச்சிட்டோம்னு சொல்லணும். திருட்டுப் போற சரக்குக்கு மதிப்பு ஜாஸ்தி, மேடம்."

"நல்லா இருக்கு உங்க யாவாரம். இவதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"கழுத்து ஆணி அஞ்சு மூலை ஆணி. அதைக் கழட்டுற திருப்புளி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இவ டிராயர்ல. இப்ப இவ கட்டிலுக்கு அடியில கிடக்கு. ஹால் கதவு உள்பக்கம் பூட்டு. பன்னெண்டரையில இருந்து ஒன்றரை வரைக்கும் யாரும் வெளியே போகல."

"உள்ள யாராவது முழிச்சிருந்தீங்களா?"

பத்தொன்பது பேரும் அதிர்ச்சியோடு பார்த்தார்கள். மூத்த என்ஜினியர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம்... மத்தியானம்."

சாப்பிட்டதும் ஊரே தூங்கும் நேரம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபாங்கே தலையை ஆட்டிக்கொண்டார்.

"நீ?" என்றார் டிங்கிடம்.

"காதுல பஞ்சு, கண்ணுல பட்டை. கட்டில் ஒரு தடவை லேசா ஆடிச்சு. பக்கத்துல யாரோ புரண்டு படுக்குறாங்கன்னு நினைச்சேன்."

தேடினார்கள். பைகள், அலமாரிகள், குப்பைத் தொட்டி, லுவோவின் அறை, கழிவறைத் தொட்டி, சமையல் மேடை, ஃபிரிட்ஜ். ஒரு தர்பூசணி அளவு தலை. எங்கே போகும்?

"வாஷிங் மெஷின் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்" என்றான் சுன். "முழுக்க சாக்ஸ்."

ஃபாங் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டில் முனகியது.

"பொண்ணு, நீதான் எடுத்தியா?"

"இல்ல."

"அழுது சொல்லேன். எனக்கும் நம்புறதுக்கு வசதியா இருக்கும்."

"அழ வராது மேடம். அழுதா அதையும் கையெழுத்து வாங்கிக்குவாரு."

ஃபாங்கின் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி. தலைக்குள்ள என்ன இருக்கு, ஏழு வருஷம் போடுற அளவுக்கு?"

"ரெண்டு கேமரா, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், தனி பேட்டரி. கழுத்துல வயர் கிடையாது. மைக் இன்னொண்ணு மார்புல. மூளையும் தலையிலதான் இருக்குன்னு சார் சொல்வாரு. அந்த டப்பாவைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

"எட்டு மாசமா சோதிக்குற, திறந்து பார்த்ததே இல்லையா?"

"எழுதி மட்டும் வெச்சிருக்கேன். நிமிஷக் கணக்கா."

டிங் தன் நோட்டை எடுத்தாள். புரட்டினாள். கடைசிப் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றது.

இன்று. மதியம் பன்னிரண்டு இருபத்தைந்து. பேட்டரி தொண்ணூற்றாறு சதவீதம். பன்னிரண்டு முப்பது. ஆஃபூ படுத்து ஓய்வு.

முந்தைய நாள். பன்னிரண்டு முப்பது. ஓய்வு.

அதற்கு முந்தைய நாள்...

"என்னம்மா?"

"இருங்க மேடம்... அய்யோ, நான் ஒரு மடச்சி."

"அதை அப்புறம் எழுதிக்கலாம். விஷயத்தைச் சொல்லு."

"எட்டு மாசமா தினமும் பன்னெண்டரைக்கு இது படுத்துடும். ஒன்றரைக்கு எழுந்திரிக்கும். சார்ஜ் ஏத்திக்குதுன்னு சொன்னாங்க. பேட்டரி முழுசா இருந்தாலும் படுக்குது மேடம். நாம எல்லாரும் தூங்குறோம், அதுவும் தூங்குதுன்னு விட்டுட்டேன்."

"பத்தொன்பது என்ஜினியர். ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?"

"போன மாசம் ஒரு ஜெர்மன்காரர் வந்தாரு. 'மெஷின் ஏன் மத்தியானம் படுக்குது'ன்னு கேட்டாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். பாவம், தூங்கத் தெரியாத ஊர்க்காரருன்னு."

பத்தொன்பது பட்டதாரிகள் தங்கள் ரப்பர் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூங்குபவர்கள் மத்தியில் தூங்குகிற ஒரு இயந்திரத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஃபாங் மெல்ல எழுந்தார்.

"பேட்டரிக்குத் தூக்கம் வராது, லுவோ சார். வேற யாருக்கோ வருது. யாரு அது?"

லுவோவின் நெற்றியில் ஏ.சி.யையும் மீறி வியர்வை.

"அவ உளர்றா மேடம்."

"அப்ப திறந்து காட்டுங்க."

"தலைதான் இல்லையே!"

"எவ்வளவு வசதி பாருங்க."

"சத்தியமா நான் எடுக்கல. எனக்கு எதுக்கு? மூணு மணிக்கு அந்த ஆளு வர்றாரு. தலை இருந்தாத்தான் கையெழுத்து!"

அவர் சொன்னது பொய் மாதிரி இல்லை. ஃபாங் இருபத்தெட்டு வருடமாகப் பொய் கேட்டவர். கடுப்பாக இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப, பொண்ணு, நீ ஸ்டேஷனுக்கு வரணும். திருப்புளி உன் கட்டில்ல. வேற வழி இல்ல."

சுன் கைவிலங்கை எடுத்தான்.

டிங் நகரவில்லை. தரையில் கிடந்த உடம்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதன் மார்புக்கு அருகே குனிந்தாள்.

"அக்கா."

"யாரைக் கூப்புடுற?" என்றான் சுன்.

"அக்கா, ஒன்றரை தாண்டிடுச்சு. நீங்க வேலைக்கு வந்திருப்பீங்க. கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும். என்னைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. ஏழு வருஷமாம். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. சட்டை மடிக்குற விதத்தைப் பார்த்துத்தான் அக்கான்னு கூப்பிடுறேன். எட்டு மாசமா நான் கொடுத்த சட்டையெல்லாம் மடிச்சிருக்கீங்க. சும்மா படுத்துக் கிடந்தா... உங்களையும் நான் முதலாளின்னுதான் நினைச்சுக்குவேன்."

ஒரு நொடி.

இரண்டு நொடி.

ஆஃபூவின் வலது கைச் சுண்டு விரல்... அசைந்தது!

யாரோ வீறிட்டார்கள். அது சுன். தண்ணீர் கேன் பின்னால் போய் நின்றுகொண்டான். ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு லிஃப்ட்டுக்கு ஓடினார்கள். இத்தனை வருட சர்வீஸில் ஒரு உடம்பும் அவர்களைப் பார்த்து எழுந்ததில்லை.

தலையில்லாத உடம்பு கையை ஊன்றியது. முழங்காலில் நின்றது. எழுந்தது. காற்றைத் தடவியபடி நடந்தது. ஒரு மேஜையில் மார்க்கர் பேனா கிடைத்தது. மூடியைக் கழற்றி, எதிரே இருந்த வெள்ளைப் பரப்பில் ஒரு கோடு போட்டது.

அது லுவோவின் சட்டை.

"இந்தப் பக்கம் அக்கா" என்று டிங் அதன் முழங்கையைப் பிடித்துப் பலகைக்குத் திருப்பினாள்.

எழுத்துகள் கோணலாக, ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன.

அந்தப் பொண்ணை விடுங்க. தலையைக் கழட்டினது நான்.

"சுன்" என்றார் ஃபாங். "வெளியே வா. என்ன பார்க்குற?"

"எனக்கு இங்கயே தெரியுது மேடம்."

"தலை எங்கேன்னு கேளும்மா."

கை எழுதியது. வாஷிங் மெஷின். நாலு பக்கமும் சாக்ஸ்தான் தெரியுது.

ஃபாங் திரும்பி சுன்னைப் பார்த்தார்.

"நான் பார்த்தேன் மேடம். சாக்ஸ்தான் இருந்துச்சு."

"எந்த சாக்ஸுக்காவது கண்ணு இருந்துச்சான்னு பார்த்தியா?"

தலை வந்தது. ஒரு காதில் நீலக் காலுறை தொங்கியது. டிங் அதை மேஜையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்தாள். கண்களில் வெளிச்சம் வந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு ஐந்து வயதுக் குழந்தையின் தேன் குரல் ஒலித்தது. யார் பேசினாலும் அந்தக் குரலாகத்தான் வரும். வீட்டம்மாக்கள் பயப்படக் கூடாதாம்.

"மன்னிச்சிடுங்க தங்கச்சி. உங்க மேல பழி விழும்னு நினைக்கல."

"உங்க பேரு?" என்றார் ஃபாங்.

"இங்க பேரு கிடையாதுங்க. ஏழாம் நாற்காலி. எனக்கு நாப்பத்துமூணு வயசு."

குழந்தைக் குரலில் அதைக் கேட்டதும் யாரோ சிரிக்கப் போய், சிரிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

"எந்த ஊரு?"

"கொய்ஜோவ். பழைய பள்ளிக்கூடக் கட்டடம். நாப்பது பேர் கண்ணுல கருவி மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். நாங்க கையை ஆட்டினா, அங்க இது ஆட்டும். வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

டிங்கின் முகம் சிவந்தது. அவள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். அவள் தப்பித்து வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அதே மலை. இங்கே தினமும் அவளெதிரே நின்று இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் கழட்டினீங்க அக்கா?"

"இன்னிக்கு அந்த ஹாங்காங் ஆளு கையெழுத்துப் போட்டா, ஆஃபூ ஐரோப்பாவுக்குப் போகுமாம். அவங்க முழிச்சிருக்குற நேரம் நாங்க முழிக்கணும். மத்தியான ஓய்வு கிடையாதுன்னு நேத்து நோட்டீஸ் ஒட்டினாங்க. என் பொண்ணு நாலாம் வகுப்பு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவா. அந்த ஒரு மணி நேரம்தான் அவளை முழிச்ச கண்ணோட பார்க்குறேன். தலை இல்லன்னா இன்னிக்குக் கையெழுத்து நடக்காதுன்னு நினைச்சேன்."

"அதனால நீங்களே..."

"இன்னிக்கு மட்டும் ஓய்வுக்கு எழுந்து போகல. இதோட கையாலயே இதோட கழுத்தைப் பதினெட்டு நிமிஷத்துல கழட்டினேன். தலையைக் கையில பிடிச்சு, பார்த்துக்கிட்டே போய் மெஷின்ல போட்டேன். திரும்பி வரும்போது கண்ணு இல்லையே. அடி எண்ணித்தான் நடந்தேன். உங்க கட்டில் தட்டி, திருப்புளி கை நழுவிடுச்சு."

"இன்னிக்குக் கட்டிலை ரெண்டு அடி தள்ளிப் போட்டிருந்தேன்" என்றாள் டிங். "ஏ.சி. மூஞ்சில அடிச்சுது."

லுவோவுக்கு உயிர் வந்துவிட்டது.

"கேட்டீங்கல்ல மேடம். அவளே ஒத்துக்கிட்டா. இவளை விட்டுட்டு அவளைத் தூக்குங்க. அதே ஏழு வருஷம். பேரை மட்டும் மாத்தணும்."

"நீங்க பேரை மாத்துறதுல கெட்டிக்காரர்" என்றார் ஃபாங். "ஆனா அவங்களுக்குத்தான் பேரே கிடையாதாமே."

லிஃப்ட் மணி ஒலித்தது.

வெளியே வந்தவர் ஹாங்காங் முதலீட்டாளர் குவோக். அரை மணி நேரம் முன்னதாக! மேஜையில் தலை, பலகை முன்னால் உடம்பு, தண்ணீர் கேன் பின்னால் போலீஸ். அவர் கதவிலேயே நின்றார்.

"லுவோ... என்ன நடக்குது?"

லுவோ வாயைத் திறப்பதற்குள் டிங் முந்திக்கொண்டாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. இவர் முன்னாடியே சொல்லுங்க. ஆஃபூவுக்குச் சொந்தமா மூளை இருக்கா, இல்லையா?"

லுவோ அவளைப் பார்த்தார். குவோக்கைப் பார்த்தார். ஃபாங்கைப் பார்த்தார்.

ஃபாங்குக்குப் புரிந்துவிட்டது. அன்றைய தினத்தில் முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல கேள்வி. பதில் சொல்லுங்க லுவோ சார். இல்ல, எங்கயோ ஒரு பொம்பள உட்கார்ந்து ஓட்டுறாங்கன்னா, தானா ஓடுற மெஷின்னு சொல்லி இவர்கிட்ட பணம் வாங்க வந்தீங்க. அது மோசடி. விலங்கு ரெடியா இருக்கு. சுன் தூக்கிக்கிட்டே நிக்கிறான்."

"அப்படி... இல்ல."

"அப்ப சொந்த மூளை இருக்கு?"

லுவோ சட்டையிலிருந்த கறுப்புக் கோட்டைத் தேய்த்தார்.

"இருக்கு. செயற்கை நுண்ணறிவு. தானா யோசிக்கும். தானா முடிவெடுக்கும்."

"யாரும் ஓட்டல?"

"யாரும் ஓட்டல."

"கொய்ஜோவ்ல யாரையும் உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"தெரியாத ஆளு மேல புகார் கொடுக்க முடியாதே." ஃபாங் ஒப்புதல் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். நான்காக. எட்டாக. "அப்ப இது தானா யோசிச்சு, தானா திருப்புளி எடுத்து, தன் தலையைத் தானே கழட்டிக்கிச்சு. இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ போய்த் தண்ணி குடிம்மா."

டிங் போகவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குவோக் இரண்டு அடி பின்வாங்கினார்.

"ஒரு நிமிஷம். இது தன் தலையைத் தானே கழட்டிச்சா?"

"சோதனைக் குறிப்புல எழுதிட்டேன் சார்" என்றாள் டிங். "பதினெட்டு நிமிஷத்துல. ரொம்ப சுத்தமான வேலை. ஒரு கீறல் இல்ல."

"இதையா என் வீட்டுச் சமையலறையில நிறுத்தச் சொன்னீங்க? அங்க கத்தி இருக்கு லுவோ. என் மாமியார் இருக்காங்க."

"சார், நான் விளக்குறேன், உண்மையில அது வந்து ஒரு..."

ஃபாங் புருவத்தை உயர்த்தினார். சுன் விலங்கை லேசாகக் குலுக்கினான்.

"...ஒரு சின்னக் கோளாறு" என்று முடித்தார் லுவோ.

லிஃப்ட் மணி மறுபடி ஒலித்தது. குவோக் போயிருந்தார்.

மேஜையிலிருந்து குழந்தைக் குரல், மிக மெதுவாக:

"தங்கச்சி... போயிட்டாரா?"

"போயிட்டாரு அக்கா."

"கம்பெனி மூடிடுமோ?"

"மூடினா வேற வேலை. உங்க கைக்கு யார் வேணா வேலை கொடுப்பாங்க. என் வாய்க்குத்தான் கஷ்டம்."

சுன் தண்ணீர் கேன் பின்னாலிருந்து முழுவதுமாக வெளியே வந்தான். புகார்ப் படிவத்தை விரித்தான். பேனா முனையைக் கடித்தான்.

"மேடம், கேஸை எப்படி முடிக்கிறது?"

"தற்கொலை முயற்சின்னு எழுது."

"எழுதிட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ரொம்பச் சின்னது."

ஃபாங் தொப்பியைச் சரி செய்துகொண்டு, சட்டையில் கறுப்புக் கோட்டோடு நின்ற லுவோவை மேலும் கீழும் பார்த்தார்.

"'முதலாளி'ன்னு எழுது. கட்டம் பத்தும்."